இரண்டு பூட்டுக் கோயில்

பிப்ரவரி 9

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் தம்பி மகள் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா?

நம் பங்குக் கோயிலின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். கட்டிய கதை முடிந்தது. இடிந்த கதையில் நிற்கிறேன். கோயில்பிள்ளையாக இருந்து கதவைத் திறந்து மூடிவந்த தாத்தா இறந்ததும், சாவி யாருக்கு என்று நீங்களும் அப்பாவும் ஆளுக்கொரு பூட்டுப் போட்டீர்கள். நீங்கள் உங்கள் பூட்டின் சாவியோடு நகரத்துக்குப் போய்விட்டீர்கள். "அண்ணனும் தம்பியும் சேர்ந்து வந்து திறக்கட்டும்" என்று பங்குச் சாமியாரும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையைப் பக்கத்து ஊருக்கு மாற்றிவிட்டார். ஓடு நழுவியது, மழை இறங்கியது, உத்திரம் உளுத்தது. இப்போது கூரை இல்லை. பக்கச் சுவர் விழுந்த வழியில் ஆடுகள் போய்வருகின்றன. கதவு மட்டும் பூட்டியே இருக்கிறது.

அப்பாவுக்கு டாக்டர் கைவிரித்துவிட்டார். "என்னை அந்தக் கதவு வழியாத்தான் தூக்கிட்டுப் போகணும். பூட்டை உடைக்காதீங்க, அண்ணன் வந்து திறக்கட்டும்" என்கிறார். வருவீர்களா?

அன்புடன்,
உங்கள் மகள்

பிப்ரவரி 15

மகளுக்கு,

முழங்கால் அப்படியேதான். நன்றாக எழுதுகிறாய், எந்தப் பக்கம் சாய்கிறாய் என்பதும் தெரிகிறது. முதலில் பூட்டியவன் அவன். கோயில் புயலில் இடிந்தது என்று எழுது, எல்லாருக்கும் மரியாதை. தப்பு தன்னுடையது என்று அவன் கைப்பட ஒரு வரி எழுதட்டும். அடுத்த பஸ்ஸில் வருகிறேன்.

பெரியப்பா

பிப்ரவரி 19

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அப்பா சிரித்தார். "அண்ணன் மாறவே இல்ல பாரு. யாரு மொதல்ல பூட்டுனதுன்னு எனக்கே மறந்துபோச்சு. நான்தான்னு எழுதும்மா" என்றார். பேனா பிடிக்க விரல் மடங்கவில்லை. நான் எழுத, அவர் கைநாட்டு வைத்தார். இத்துடன் இருக்கிறது. சீக்கிரம் வாருங்கள்.

உங்கள் மகள்

பிப்ரவரி 24

மகளுக்கு,

இது உன் கையெழுத்து. படுத்துக் கிடப்பவன் கட்டைவிரலை யார் வேண்டுமானாலும் மையில் தோய்க்கலாம். நான் கேட்டது அவன் கைப்பட.

பெரியப்பா

மார்ச் 3

பெரியப்பா,

நேற்று அப்பாவை அடக்கம் செய்தோம். பக்கத்து வீட்டு அண்ணன் கடப்பாறையோடு வந்தார், நான் விடவில்லை. ஆடுகள் போகும் வழியாகத்தான் பெட்டியைத் தூக்கிப் போனோம். கல்லில் கால் இடறி ஒருபக்கம் சாய்ந்தது. நிமிர்த்திக்கொண்டு நடந்தோம்.

வரலாற்றை முடித்துவிட்டேன். புயல் என்று எழுதவில்லை.

அப்பாவின் சாவி தலையணைக்கு அடியில் இருந்தது. அடக்கத்துக்கு முன் எண்ணெய் விட்டுத் திருப்பியதும் அவர் பூட்டு திறந்துகொண்டது. கழற்றி அவரோடே புதைத்துவிட்டோம்.

இப்போது கதவில் தொங்குவது உங்களுடையது மட்டும்தான்.

அவர் மகள்