இரண்டு பொட்டலங்கள்

அன்புள்ள அனு,

“நா போயிட்டா அப்பாவ ஆரும்மா தூக்கி உக்கார வெப்பாங்க?” என்று நேற்று மாட்டுக்கொட்டகையில் கேட்டாய். நான் பால்கேனைக் கழுவப் போய்விட்டேன்.

இதை உன் பெட்டியின் அடியில் வைக்கிறேன். அயர்லாந்து போய்ச் சேர்ந்த பிறகு படி. அங்கே மழை அதிகமாம், ஸ்வெட்டரைக் கைப்பையில் வைத்துக்கொள். ஓராண்டுப் படிப்புதானே, சீக்கிரம் முடிந்துவிடும் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். அப்பாவிடமும் சொன்னேன். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சில்லை, ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாரியம்மன் கோயிலில் பூ கேட்காமல் உன்னை அனுப்பமாட்டேன் என்கிறார் தாத்தா. பூசாரி எடுக்கும் பொட்டலத்தில் வெள்ளைப் பூ வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது.

“அம்மனுக்கு அயர்லாந்து எங்கிருக்குன்னு தெரியுமுங்களா, மாமா?” என்றேன்.

“நீதான் படிச்சவளாச்சே, வெலாசம் எழுதி வெச்சுரு.”

விலாசம் எழுதவில்லை. ஆனால் பூ மடிக்கும் வேலை என்னுடையது. இரண்டு பொட்டலங்களிலும் வெள்ளை அரளியையே மடித்துப் பூஜை அறையில் வைத்திருக்கிறேன். நாளை பூசாரி எதை எடுத்தாலும் நீ போவாய்.

மறுநாள் மாலை.

பூசாரி எடுத்த பொட்டலத்தில் சிவப்பு அரளி இருந்தது. தாத்தா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எல்லாரும் நகர்ந்த பிறகு மற்றதைப் பிரித்தேன். அதிலும் சிவப்பு.

விடியற்காலையில் நீ சிவப்பு அரளி பறித்ததைப் பார்த்தேன். சாமி படத்துக்கு என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நீ அப்பாவின் ஒரு தோளைப் பிடித்தாய். நான் மறு தோளைப் பிடித்தேன். தூக்கி உட்காரவைத்தோம்.

அம்மா