கைக்குக் கை போன குழந்தை

இன்று காலை கல்பாக்கம் பேருந்தில் என் பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெண் தன் கைக்குழந்தையை என் மடியில் வைத்தாள். "கொஞ்சம் வெச்சிக்கோக்கா, சீட்டு கெடைச்சதும் வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. குழந்தையின் உச்சந்தலையில் தேங்காய் எண்ணெயும் பாலும் கலந்த வாசனை. குனிந்து முகர்ந்ததும் உன் நினைவு வந்தது. நீ போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது.

செங்கல்பட்டில் நாம் ஒன்றாகப் படித்தோம். நான் நாவலூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனேன். நீ குரங்குகளைப் பார்க்கப் போனாய். கழுத்தில் பைனாகுலர், கையில் தண்ணீர் பாட்டில், பகல் முழுக்கக் குன்றடிவாரத்து வெயில். "கொரங்கப் பாத்து இன்னாடி ஆவப் போவுது?" என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொள்வார். "மனுஷன் மட்டும் ஏன் முன்ன பின்ன தெரியாதவனுக்கும் ஓடிப்போய் உதவுறான், அது எங்கேந்து வந்துச்சுன்னு தெரியணும்மா" என்பாய். எனக்கு அந்தக் கேள்வியின் கனம் அப்போது புரியவில்லை.

புரிந்தது அந்த மழையில்தான். கைக்குழந்தையாக இருந்த என் மகளை உனக்குக் காட்டப் புதுப்பட்டினம் வந்திருந்தேன். மழை கொஞ்சம் விட்டதும் என்னை வீட்டில் விட நீயும் கூடவே கிளம்பினாய். மாமல்லபுரம் போகும் வழியில், தரைப்பாலத்தின் நடுவில் பேருந்து நின்றுவிட்டது. ஓடைத் தண்ணீர் படிக்கட்டைத் தாண்டி உள்ளே வந்தது. வண்டி மெல்லப் பக்கவாட்டில் நகர்வதை இருவருமே உணர்ந்தோம். நீ என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாய்.

பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து ஆட்கள் கயிற்றோடு இறங்கி வந்தார்கள். கரையிலிருந்து பேருந்து வாசல் வரைக்கும், மார்பளவு தண்ணீரில், ஒருவருக்கு அடுத்து ஒருவராக வரிசை கட்டி நின்றார்கள். முதலில் நின்றவர் கையை நீட்டினார்.

"கொயந்தைய குடும்மா."

"மாட்டேன். நானே தூக்கினு வரேன்."

"வயித்தப் புடிச்சினு நிக்கிற, ஆப்பரேசன் பண்ணி புள்ள பெத்த ஒடம்பு மாரி கீது. உன்னால நிக்க முடியாது. என் கையிலேந்து அவன் கைக்குத்தான் போவும். தண்ணிக்குப் போவாது."

நான் உன்னைப் பார்த்தேன். அவர் முகத்தை இன்னொரு முறை பார்த்தேன், கொடுத்துவிட்டேன்.

தலைகளுக்கு மேலே என் மகள் கைக்குக் கை போனாள். வாங்கிய ஒவ்வொருவரும் அவள் கழுத்துக்கு அடியில் உள்ளங்கையை வைத்து வாங்கினார்கள். யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. யார் வீட்டுக் குழந்தை என்றும் கேட்கவில்லை.

கயிற்றைப் பிடித்து நாம் கரையேறியபோது அவளைக் காணோம். நீதான் ஓடி ஓடி விசாரித்து ஒரு வீட்டு வாசலுக்கு என்னைக் கூட்டிப்போனாய். உள்ளே, மீன் விற்கும் ஒரு பெண் தன் பிள்ளையைத் தரையில் கிடத்திவிட்டு என் மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பசியில கத்திகினே இருந்துச்சு. எனக்குத்தான் பால் கீதே, குடுத்தேன்" என்றாள், சாதாரணமாக.

நான் அழுதேன். நீ ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்து அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கு மயக்கமோ என்று பயந்தேன். மழை ஓய்ந்து, அவள் கொடுத்த தேநீரைக் குடிக்கும்போதுதான் பேசினாய்.

"சிம்பன்சி அம்மா மாசக்கணக்கா குட்டிய வேற யார்கிட்டயும் தராதுடி. மத்ததுங்க கொன்னுடுமோன்னு பயம். நம்ம மனுஷ இனத்துல ஏதோ ஒரு காலத்துல, புள்ளய வளக்க ஒருத்தி பத்தாதுன்னு ஆச்சு. அக்கா, தங்கச்சி, பாட்டி, பக்கத்துல இருந்தவங்கன்னு பல கை தேவைப்பட்டுச்சு. புள்ளைங்களும் யார் மூஞ்சில அன்பு இருக்குன்னு பாக்கக் கத்துகிச்சு. நாம ஒருத்தர் மனச ஒருத்தர் படிக்கிறது அங்கதான் ஆரம்பிச்சுதுன்னு சில பேர் சொல்றாங்க. இவ்ளோ நாள் அத வெறும் பாடமாப் படிச்சேன்."

என் மகள் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். உன் கையில் தேநீர் ஆறிப்போயிருந்தது.

ஆனால் நீ எதையும் பூசி மெழுகுபவள் இல்லை. சில மாதம் கழித்து அதே குப்பத்துக்கும் அடுத்த குப்பத்துக்கும் வலைத் தகராறில் மண்டை உடைந்தபோது, "நம்மாளுன்னு நெனச்சா உயிரக் குடுப்போம், இல்லன்னா எடுப்போம். ரெண்டுக்கும் வேர் ஒண்ணா இருக்குமோன்னு எனக்கு பயம்" என்றாய். பிறகு நீயே, "ஆனா அன்னிக்கு பஸ்ல இருந்த யாரும் அவங்க ஆளு இல்லியே" என்றாய். அந்த 'ஆனா'வை நீ கடைசி வரைக்கும் விடவில்லை.

கடைசியில் நோய் முற்றி, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் உன்னால் புரண்டுகூடப் படுக்க முடியாமல் போனது. பக்கத்துப் படுக்கைப் பாட்டிக்குத் துணையிருந்த பெண்தான், நான் வருவதற்குள் உன்னைத் திருப்பிவிட்டு, வாயில் கஞ்சி ஊற்றியிருப்பாள். அவளுக்கு உன் பெயரும் தெரியாது. ஒரு மதியம், மூச்சு வாங்க வாங்க என்னிடம் கேட்டாய்:

"மொத மொதல்ல புள்ளய அடுத்தவ கையில குடுத்தாளே ஒருத்தி, அவ இன்னாடி பாத்திருப்பா அந்த மூஞ்சில?"

எனக்குத் தெரியவில்லை. உனக்கும் தெரியாது. மண்ணில் தோண்டி எடுக்கிற எலும்போ கல்லோ அதைச் சொல்லாது என்றாய், சொல்லிவிட்டுச் சிரித்தாய்.

அந்தக் கேள்வியை என்னிடம் விட்டுப் போயிருக்கிறாய். நாவலூர் நெரிசலில் வண்டி நகராமல் நிற்கும்போது, பெயர் தெரியாத முகங்களைப் பார்த்தபடி யோசிக்கிறேன். பேச்சுக்கூட முழுதாக வந்திராத காலத்தில் எங்கோ ஒரு மரத்தடியில் நின்ற அந்த முதல் தாய்க்கு எந்த உறுதியும் கிடைத்திருக்காது. பயம் போன பிறகு குழந்தையைக் கொடுத்திருக்க மாட்டாள். பயந்துகொண்டேதான் கொடுத்திருப்பாள்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்டி.