மீன் மானி

இன்று காலை முள்ளியவளையில் ரியூசன் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். "மச்சான், மீன் நிண்டிட்டுது. ஓடு!"

நீ எழுதிய வரி. நாளை மறுநாள் உன் முதலாம் ஆண்டு நினைவுப் பூசை. நான் பயப்படவில்லை என்று சொன்னால் அது பொய். செய்தியை அனுப்பியது நீ இல்லை, நாம் செய்த செயலி என்று விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

உங்கள் வீட்டுக்கு ஸ்மார்ட் மீற்றர் பூட்டிய அன்றே உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. வீடு எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்பதை அது கால் மணிக்கு ஒரு தடவை அனுப்பும். அந்த எண்களை எடுத்துக் கோடாக வரைந்து, எந்தப் போனிலும் பார்க்கிற மாதிரி இணையத்தில் ஒரு பக்கம் செய்வோம் என்றாய். நீ எண்களை எடுத்தாய், நான் நிறம் பூசினேன். நிறம் பூசுவதை நீ ஒரு வேலையாகவே மதிக்கவில்லை. அதனால் ஒரு பின்னேரம் முழுக்க உனக்குத் தெரியாமல் உங்கள் வீட்டு அயன் பெட்டியை விட்டுவிட்டுப் போட்டு உன் சட்டையைத் தேய்த்து, கோட்டில் பல் முளைக்க வைத்தேன். "மீற்றருக்குப் பேய் பிடிச்சிட்டுதடா" என்று நீ நிரலைக் குடைந்துகொண்டிருந்தாய். அன்று உன் பள்ளிக்கூடச் சட்டைபோல மடிப்புக் கலையாத சட்டை முல்லைத்தீவிலேயே இருந்திருக்காது.

பக்கத்துக்குத் தலைப்பு அடித்தது நீதான். 'மின் மானி' என்று வரவேண்டியது, ஒரு சுழி கூடி 'மீன் மானி' ஆகிவிட்டது. உள்ளேயும் அப்படியே: 'இன்றைய மீன் பாவனை: நாலு.'

"சுழியனே, சுழியை உன்ர தலையோட வைச்சிரு" என்றேன். அந்த நேரம் பார்த்து, கடலால் வந்த உன் அப்பா எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பியவை, விடிய விடியக் கடலில நிண்ட எனக்கு ஒரு மீனும் படேல்ல. இஞ்ச நாலு எண்டு கிடக்கு?"

"அது யூனிற், மாமா."

"அது எந்தக் கடல்ல படுறது?"

நான் சிரித்துக் கதிரையால் விழுந்தேன். நீ சிரிக்கவில்லை. "அப்பா கேக்கிறது சரிதானடா. எங்கட வீட்டில கரண்ட் நிண்டா பிரீசர் நிக்கும். பிரீசர் நிண்டா மீன் போச்சு. பிறகென்ன மின், மீன்?" என்றாய். பிழையைத் திருத்தாமல் வேறொன்று செய்தாய். பிரீசர் ஓடும்போது கோடு மேடாகும். மேடு வராமல் போனால் நம் இருவருக்கும் செய்தி வரும்படி எழுதினாய். சோதித்துப் பார்க்கவில்லை; அதற்குள் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். "வந்து பாப்பம், நீ கை வைச்சுக் குழப்பாத" என்றாய். நான் கை வைக்கவில்லை. நீ வரவில்லை.

பூசைக்குப் பிறகு சாப்பாடு கொடுக்கவென்று, உனக்குப் பிடித்த பாரை மீனாகப் பார்த்து உன் அப்பா சேர்த்து வைத்திருந்தார். எல்லாம் அந்தப் பிரீசருக்குள். வகுப்பிலிருந்து வெளியே ஓடிவந்து அவருக்குப் போன் எடுத்தேன்.

"மாமா, பிரீசரை ஒருக்காப் பாருங்கோ."

"முள்ளியவளையில இருந்துகொண்டு உனக்கென்னண்டு தெரியும்?"

"உங்கட மகன் சொன்னவன்."

என் வாய் சும்மா இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். பிறகு பிரீசர் மூடி திறபடும் சத்தம் கேட்டது. பூசைக்கு ஸ்பீக்கர் பூட்ட வந்தவர் பிளக்கைக் கழற்றி, திரும்பப் போடாமல் போயிருக்கிறார்.

"ஐஸ் விடத் தொடங்கீற்றுது. மீன் இன்னும் கல்லு மாதிரித்தான் கிடக்கு" என்றார். பிளக்கைச் செருகிவிட்டு, "அவன் வேற என்ன சொன்னவன்?"

"ஓடு எண்டவன்."

அவர் சிரித்துவிட்டார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் கேட்டது இன்றைக்குத்தான்.

பின்னேரம் உங்கள் வீட்டுக்குப் போய், "பூசைக்கு ஆக்கள் வருவினம், எங்கட பக்கத்தைப் பாப்பினம், அந்த எழுத்துப் பிழையைத் திருத்தி விடட்டோ மாமா?" என்று கேட்டேன்.

"எது பிழை? மீன் எண்டு சரியாத்தானே எழுதியிருக்கிறான்."

நிரலில் உன் போன் எண் இன்னும் இருக்கிறது. காலையில் அந்தச் செய்தி இரண்டாகத்தான் புறப்பட்டிருக்கும். ஒன்று என் பைக்கு. மற்றது உங்கள் அலுமாரிக்குள் அணைந்து கிடக்கும் உன் போனுக்கு. ஒரு வரியை அழித்தால் போதும். நான் கை வைக்கவில்லை. நீ மட்டும் பதில் போட்டுவிடாதே, மச்சான். பிறகு உண்மையாகவே ஓடிவிடுவேன்.