ரங்கூன் மருமகளின் குடம்

இராயபுரம், சென்னை
விபவ வருடம் ஆவணி மாதம் 12ஆம் நாள், திங்கட்கிழமை
1928 ஆகஸ்டு 27

சிரஞ்சீவி பக்தவச்சலத்துக்கு உன் தகப்பனார் ஆசீர்வதித்து எழுதுவது. இறைவன் கிருபையால் நானும் உன் தாயாரும் சுகமாயிருக்கிறோம். அவளுக்கு முழங்கால் வலி, எனக்கு அவளுடைய முணுமுணுப்பு, இவையன்றி வேறு குறையில்லை. ரங்கூனில் மழை ஓயவில்லையென்று அறிகிறேன். ஈரத் தலையோடு மர ஆலைக்குப் போகாதே. உன் கடிதம் ஆகஸ்டு 8ஆம் தேதி புதன்கிழமை கிடைத்தது. அதில் நீ இட்ட தேதி ஜூலை 30, தபால் முத்திரையோ 31. எழுதிய கடிதத்தை ஒரு நாள் முழுதும் சட்டைப்பையில் சுமந்து திரிந்திருக்கிறாய் என்று ஊகித்தேன். படித்த பிறகு காரணமும் விளங்கிற்று.

பர்மியப் பெண்ணொருத்தியை மணக்க விரும்புவதாகவும், நாங்கள் சம்மதித்தால் அவளோடு இராயபுரத்துக்கே வந்துவிடுவதாகவும், இல்லையேல் ரங்கூனிலேயே தங்கிவிடுவதாகவும் எழுதியிருந்தாய். அந்தக் கடைசி வரியை உன் தாயாருக்கு நான் வாசிக்கவில்லை. ஆனால் அவ்விடத்தில் நான் தொண்டையைக் கனைத்ததைக் கொண்டே அவள் அறிந்துகொண்டாள். அன்றிரவு அவள் உண்ணவில்லை. அவளுடைய ஆட்சேபம் குலத்தைப் பற்றியது என்றே நான் எண்ணினேன். கேட்டதற்கு அவள் சொன்னதை அவள் வாய்மொழியாகவே எழுதுகிறேன்: "கொலத்த வுடு. கொழாயாண்ட எவளாவது கொடத்த நவுத்தினா, பாஷ தெரியாத பொண்ணு இன்னான்னு கேக்கும்? நம்ம வூட்டுக்கு வந்து தாகத்துல சாவறதா?"

துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதிய காலத்தில் நான் பலமுறை யோசித்ததுண்டு. இந்தக் கரையில் இயற்கையாகவே ஒரு துறை அமைந்திருந்தால் கப்பல்கள் வந்து நின்று போயிருக்கும், அவ்வளவே. ஓயாது அலையடிக்கும் கரையாகையால் அவை தூரத்தில் நங்கூரமிட, சரக்கையும் மனிதரையும் அலை தாண்டிக் கொண்டுவரப் படகோட்டிகள் வேண்டியிருந்தது. அவர்களில் தெலுங்குக் கரையார் சிலர் இங்கேயே வேர்விட்டனர். சரக்கைத் தேடி மரக்காயர் வந்தனர், ரயிலைத் தேடி ஆற்காட்டார் வந்தனர். துறைமுகச் சுவர் எழும்பிய பிறகு கடல் அதற்கு வடக்கேயுள்ள நம் கரையைத் தின்னத் தொடங்கவே, குப்பத்தாரும் நம் தெருவுக்குக் குடிவந்தனர். கல்வராயன் மலையடிவாரத்தில் என் தமையனார் இருக்கும் ஊரில் தெரு முழுதும் ஒரே உறவு. புது மனிதர் வந்தால் நாய் குரைத்தே ஓய்ந்துவிடும். நம் தெரு நாய்க்கோ நான்கு பாஷை தெரியும். (தமையனாருக்கு இவ்விஷயத்தை நான் இன்னும் எழுதவில்லை. நீயும் அவசரப்படாதே.) இவ்வளவையும் உன் தாயாருக்கு நிதானமாக எடுத்துரைத்தேன். "கப்பல் கத இருக்கட்டும், ரசம் ஆறிப்பூடும்" என்றாள்.

ஆயினும் 19ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை நடந்ததை நீ அறியவேண்டும். பால் வாங்கச் சென்ற நான் என் காதாரக் கேட்டது இது. நீ போன பிறகு நம் தெருக் குழாயில் ஒரு விதி ஏற்பட்டிருக்கிறது: வீட்டில் எத்தனை பெண்களோ, வரிசையில் அத்தனை குடம். அதைக் காத்துவருபவள் படகுக்கார வீட்டு வியாகுலம்மாள். அன்று உன் தாயார் இரண்டு குடங்களைக் கொண்டுபோய் வைத்தாள். "உன் வூட்ல கீறது ஒரு பொம்பள, ரெண்டாவது கொடம் யாருது?" என்று வியாகுலம்மாள் மறித்தாள். "எம் மருமவளுது" என்றாள் உன் தாயார். "எங்க கீறா?" "ரங்கூன்ல கீறா." குழாயடியே சிரித்தது. "ரங்கூன்ல கீறவளுக்கு ராயபொரத்துல தண்ணியா?" என்று ஒருத்தி கேட்க, உன் தாயார் சற்றும் அசையாமல், பர்மாக்காரி, நம் பாஷை தெரியாதவள், அதனால் இடத்தை இப்போதே பிடித்து வைப்பதாகச் சொன்னாள். மீன்காரப் பைடம்மா, "நா வந்தப்போ தண்ணிய நீள்ளுன்னுதாம்மா கேட்டேன், என் கொடம் ரொம்பலியா?" என்றாள். வண்ணாரப்பேட்டையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஷம்ஷாத் பீவி, "அரே, அந்தப் பொண்ண அனுப்பு, சண்ட போட நாங்க கத்துக் குடுக்கறோம்" என்றாள். வியாகுலம்மாளும் இளகினாள். "செரி, கொடம் இருக்கட்டும். யாருதுன்னு கூப்டணும்ல, பேரு இன்னா?"

பெயர் உன் தாயாருக்குத் தெரியாது. இரண்டு குடங்களையும் வெறுமையாகவே எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்து, கடிதத்தைப் பதினொரு நாளாக வைத்துக்கொண்டும் பெயரைக் கவனிக்காதவன் நானே என்று என்மேல் பாய்ந்தாள். மீண்டும் தேடினேன். அந்தப் பெண்ணின் பொறுமை, கைவேலை, அவள் தமையனின் உத்தியோகம் என நான்கு பக்கம் நிரப்பிய நீ, பெயரை மட்டும் எழுதவில்லை.

எங்கள் சம்மதம் உனக்கு இப்போது தெரிந்திருக்கும். அவளைப் பெற்றோரிடம் முறைப்படி கேள். அவர்கள் மகளும் கடல் தாண்டிப் பிரிகிறாள் என்பதை மறவாதே. ஐப்பசி பிறந்தால் புயல் காலம். புரட்டாசி முடிவதற்குள் கப்பல் ஏறுங்கள். கிளம்பும் தேதியைத் திட்டமாக எழுது. இருவரும் நோயின்றி நெடுநாள் வாழ்க. இதற்கு மறுதபாலில் பதில் எழுதும்போது, வேறெதற்கும் முன்பாக, முதல் வரியில், அந்தப் பெண்ணின் பெயரைப் பெரிய எழுத்தில் பிழையின்றி எழுது. உன் தாயார் தினமும் ஒரு குடம் தண்ணீரோடுதான் திரும்பி வருகிறாள்.

இங்ஙனம்,
உன் தகப்பனார்
மு. சுப்பராயன்