அண்ணையின் ஏரிக்கு ஆறு நிறம்

2006 ஏப்ரல் 2, ஞாயிறு

மழை. உடுப்புத் தோய்த்து ஹீட்டரில் போட்டது. மதியம் பாண், நேற்றைய பருப்பு.

நாலு மணிக்கு அண்ணை, கனடாவிலிருந்து. ஞாயிறென்றால் நாலு மணி, தவறாது. அவருக்கு ஐந்தாறு வருடமாக ஒரு விசர்: பெரிய ஏரியில் படகை நடைவேகத்தில் ஓட்டி, பின்னால் நூறடி நூலில் பொய்மீனை இழுத்துக்கொண்டு போவது. மறுகரை தெரியாத ஏரியாம். பிடிபடுவது வால்-ஐ என்று ஒரு மீன், பூனைபோல் கண் மினுங்கும். ஊரில் நாங்கள் இரண்டு பேரும் தூண்டிலே தொட்டதில்லை. அங்கே தொழிற்சாலையில் கூட வேலைசெய்த போலந்துக்காரன் ஒருவன் பழக்கிவிட்டிருக்கிறான்.

நிறம் என் பொறுப்பு. கோலியர்ஸ் வுட் கடையில் பன்னிரண்டு வருடமாகப் பெயின்ட் கலக்குகிறவன். கஷன் உறை, பிள்ளையின் சப்பாத்து, எதை நீட்டினாலும் அதே நிறத்தைக் கலந்து கொடுப்பேன். என் கண் மெஷினை விடத் திறமாம், அண்ணை சொல்லுவார். பெப்ரவரியில் பூசாத பொய்மீன் ஆறு அனுப்பியிருந்தார். விரல் நீளம், வெறும் பிளாஸ்டிக். ஐந்தைப் பூசி மார்ச்சில் தபாலில் போட்டேன்:

புலிவரி (பச்சை முதுகு, செம்மஞ்சள் வயிறு, கறுப்புக் கோடு)
எலுமிச்சை மஞ்சள்
வெள்ளி, கறுப்பு முதுகு
பொன்
செம்மஞ்சள், புள்ளியோடு

ஆறாவது மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. என்ன நிறம் என்று தோன்றவில்லை.

இன்றைய நிலவரம்: ஏரியில் பனிக்கட்டி போய்விட்டது, தண்ணீர் கலங்கல், மூட்டம். போன கிழமை புலிவரி சொல்லியிருந்தேன். மூன்று பட்டதாம். நீ சொன்னால் பிழைக்காது என்றார். சரி என்றேன்.

ஏழு நிமிடம் பேசியது. இந்தக் கிழமை வேறு எவரோடும் அவ்வளவு பேசவில்லை.

ஏப்ரல் 4, செவ்வாய்

குளிர். பஸ் பிந்தியது. வேலை.

ஒரு மனுஷி வெள்ளை கேட்டாள். எந்த வெள்ளை என்றேன். சாதாரண வெள்ளை என்றாள். எங்களிடம் இருபத்தெட்டு வெள்ளை. முன்பென்றால் இதை வீட்டில் வந்து சொல்லியிருப்பேன், கமலா சிரித்திருப்பாள்.

வரும் வழியில் டூட்டிங்கில் இறங்கிக் கடலைப்பருப்பு, செத்தல் மிளகாய். அரிசி மூட்டைக்கு அந்தப் பக்கம் யாரோ யாருக்கோ: "இவர்தான் கமலான்ர மனிசன். நவம்பரிலதான். தலைக்குள்ள ரத்தம் வெடிச்சதாம், ஆஸ்பத்திரியில ஒரு நாள்தான் வைச்சிருந்தவை." மற்றவள்: "பாவம், நல்லா இளைச்சுப்போனார்."

இளைக்கவில்லை. ஒரு கிலோ கூடியிருக்கிறது.

ஏப்ரல் 8, சனி

வெயில், முதல் தடவை. ஷிப்ட் இல்லை.

சும்மா இருக்க முடியாமல் வாண்டில் ஆற்றங்கரைக்குப் போய் ஒரு வாளி சேற்றுத்தண்ணீர் அள்ளி வந்தேன். பின்வளவில் கறுப்புக் குப்பைத்தொட்டியைக் கழுவி அதை ஊற்றி, குழாய்த்தண்ணீர் விட்டுக் கலக்கியது. கடை நிற அட்டைகளைப் பொலித்தீனில் சுற்றி, கல் கட்டி, ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தேன்.

சிவப்பு: ஒரு சாண். பிறகு வெறும் மண்ணிறம்.
நீலம்: அதுவும் அவ்வளவுதான்.
வெள்ளி: வெயில் பட்டால் தெரியும். முகில் வந்தால் காணாது.
செம்மஞ்சள்: இரண்டு சாண்.
எலுமிச்சை மஞ்சள்: அடிவரைக்கும்.

தெளிந்த தண்ணீரில் பார்த்தால் கதை வேறு. மஞ்சள் கண்ணைக் குத்துகிறது, எந்த மீனும் நம்பாது. கத்தரிப்பூ நிறமும் வெள்ளியும்தான் அதில் அடங்கி, மீன்போல இருக்கின்றன.

பக்கத்து வீட்டு ஆள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து நலமா என்று கேட்டான். நலம் என்றேன். குப்பைத்தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பவனிடம் வேறு என்ன கேட்பது. மூன்று மணித்தியாலம் போனது தெரியவில்லை. அதுவே பெரிய காரியம்.

ஏப்ரல் 9, ஞாயிறு

மூட்டம். நாலு மணி, அண்ணை. எலுமிச்சை மஞ்சள் போட்டு இரண்டு. ஒன்று முழங்கை நீளமாம். குப்பைத்தொட்டிச் சோதனையைச் சொன்னேன். நிறையக் கேள்வி கேட்டார். தண்ணீர் இன்னும் நன்றாகச் சூடேறவில்லை, அதனால் மெதுவாக இழுக்கிறாராம், மீனெல்லாம் குளிரில் மந்தமாம்.

பிறகு வழக்கமான கேள்வி. மே மாதம் ஒரு கிழமை வந்து நில்லேன்.

செத்தவீட்டுத் துடக்கு என்றேன்.

"டேய், அது முப்பத்தொராம் நாளோட முடிஞ்சுது" என்றார்.

தெரியும். அன்று அந்தியேட்டிக் கிரியை செய்தவன் நான்தானே. லீவு பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். லீவு இருபத்திரண்டு நாள் கிடக்கிறது.

ஏப்ரல் 14, வெள்ளி

வருடப்பிறப்பு. வெளியே நல்ல வெயில். ஒரு வருடத்துக்குக் கோயில் இல்லை என்பதால் போகவில்லை. போகலாம் என்றிருந்தாலும் போயிருப்பேனோ தெரியாது. போன் நாலு தரம் அடித்தது, எடுக்கவில்லை. ஞாயிறு இல்லைத்தானே.

ஈஸ்டர் லீவுக்கு வெள்ளைக்காரர் எல்லாருக்கும் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற யோசனை வந்துவிடும். நாளை முழுநாள் வேலை. சப்பாத்துத் துடைத்தேன்.

நகவெட்டி தேடிக் கமலாவின் லாச்சியைத் திறந்தேன். நகப்பூச்சுப் போத்தல் ஏழு. ஐந்து காய்ந்துபோய். நகவெட்டி இல்லை.

ஏப்ரல் 16, ஞாயிறு

நேற்றுக் கடையில் சனம். 'சாம்பல்' என்று ஒரே நாளில் பதினைந்து பேர். கால் இன்னும் வீக்கம். இன்று ஈஸ்டர், கடை பூட்டு.

அண்ணை: பொன் நிறத்துக்கு நாலு. நாலா என்றேன். நாலு என்றார், ஒன்றைத் திருப்பி விட்டாராம், சின்னது. அண்ணி பொரித்தாராம். மூட்டமான நாளில் பொன் என்று நான் சொன்னது சரியாய்ப் போயிற்று. சந்தோஷப்பட வேண்டிய இடம் இது என்று தெரிந்தது. சந்தோஷம் என்கிற இடத்தில் கை வைத்துப் பார்த்தால், பல் பிடுங்க ஊசி போட்ட சொக்கைபோல மரத்துக் கிடக்கிறது.

ஏப்ரல் 22, சனி

தூறல். காலை ஷிப்ட். பின்னேரம் நூலகம், இன்டர்நெட் ஒரு மணித்தியாலம். நிறத்தை ஊகத்தில் சொல்லாமல் அண்ணையின் ஏரித் தண்ணீர் எத்தனை பாகை, எப்போது தெளியும் என்று பார்த்துச் சொல்ல நினைத்தேன்.

தண்ணீர் விபரம் கிடைக்கவில்லை. அந்த ஏரியின் மீன்பிடிச் சட்டம் கிடைத்தது. வால்-ஐ முட்டையிடும் காலம் என்பதால் மார்ச் தொடக்கத்திலிருந்து தடை. திறப்பது மே முதல் சனிக்கிழமை. அதற்கு முன் ஒன்று பிடித்தாலும் குற்றம்.

இரண்டு தரம் வாசித்தேன். வேறு ஏரியோ என்று பெயரைப் பார்த்தேன். அதே ஏரி.

களவாகப் பிடிக்கிற ஆள் இல்லை அண்ணை. ஆளில்லாத தெருவிலும் மஞ்சள் விளக்குக்கு நிற்பவர். அப்படியென்றால் மூன்றும் இரண்டும் நாலும் எங்கேயிருந்து வந்தன?

ஏப்ரல் 23, ஞாயிறு

மழை. மூன்று மணியிலிருந்து போனுக்குப் பக்கத்தில்.

அண்ணை: செம்மஞ்சளுக்கு மூன்று. காற்று எப்படி, நூல் எவ்வளவு விட்டது, எல்லாம் சொல்கிறார். நன்றாகச் சொல்கிறார். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, நீலம் எப்படிப் போனது என்று கேட்டேன்.

நான் நீலம் பூசவே இல்லை.

செருமினார். பிறகு, "நீலமோ. நீலத்துக்கு ரெண்டு."

சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை. கோபமும் வரவில்லை. "ஓம் அண்ணை, நல்லது" என்றேன். அடுத்த கிழமைக்கு என்ன போட என்று கேட்டார். புலிவரி என்றேன்.

ஏப்ரல் 26, புதன்

பஞ்சி, எழும்ப மனமில்லை. உடம்பு சுகமில்லை என்று கடைக்குச் சொல்லிவிட்டு நின்றது. பொய்தான். குடும்பத்தில் ஓடுகிறதுபோல.

அண்ணை வேலையில் இருக்கும் நேரம் பார்த்து அண்ணிக்கு எடுத்தேன். மீன் பொரித்தீர்களா என்றேன். என்ன மீன் என்றார். விளங்கிவிட்டது அவருக்கு. பிறகு சொன்னார்:

"தம்பி, படகு இன்னும் கராஜுக்குள்ளதான். மூடின தார்ப்பாயே எடுக்கேல்லை. உங்கட பொய்மீன் அஞ்சும் குசினி யன்னல்ல தொங்குது, ஊசி கழட்டி. ஞாயிறு அதுக்கு முன்னால நிண்டு பாத்துப் பாத்துத்தான் உங்களோட கதைக்கிறவர்."

ஏன் என்று கேட்டேன்.

"கமலான்ர அலுவல் முடிஞ்சாப்பிறகு நீங்கள் ஒருத்தரோடயும் கதைக்கேல்லை. ஒருக்கா நிறத்தைப் பற்றிக் கேட்டாராம், பத்து நிமிசம் கதைச்சீங்களாம். அண்டைக்கு வந்திருந்து அழுதவர். அதுக்குப் பிறகுதான் அந்த ஆறையும் வாங்கி அனுப்பினது."

அவருக்குச் சொல்லவேண்டாம் என்றார். சொல்ல மாட்டேன். சொன்னால் ஞாயிறு நாலு மணிக்கு எங்களிடம் என்ன இருக்கிறது?

யன்னலில் எந்த ஒழுங்கில் தொங்குகின்றன என்று கேட்க மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 30, ஞாயிறு

வெயில். புல் வெட்டியது. பாதி.

அண்ணை: புலிவரி, இரண்டு. இன்று அதிகம் சொல்லவில்லை. களைப்பு என்றார். அடுத்த சனி விடியவே இறங்குகிறாராம். அதுமட்டும் உண்மை.

பிறகு ஆறாவதை எடுத்தேன். காயாத இரண்டு போத்தலில் ஒன்று கத்தரிப்பூ நிறம். போன ஆவணியில் ஸ்ட்ரெதமில் ஒரு பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்குப் போட்டுக்கொண்டு போனது. போகிற வழியில் அவள் கார் ஓட்ட, சிவப்பு விளக்குக்கு நிற்கும்போதெல்லாம் இடது கைக்கு நான்தான் பூசினேன். வலக்கைக்காரிக்கு இடது கை சுகம், வலது கைக்குத்தான் ஆள் வேண்டும் என்று நான் சொல்ல, "உங்களுக்குக் கிட்ட இருக்கிற கைக்குப் பூசுங்கோ" என்றாள்.

முதல் வெள்ளை அடிப்பூச்சு. அது காய, கத்தரிப்பூ மூன்று கை. வயிற்றுக்கு வெள்ளி. கண் கறுப்பு. மூடியைத் திறந்ததும் அந்த மணம். ஏதோ வரப்போகிறது என்று தூரிகையைக் கீழே வைத்துவிட்டு இருந்தேன். வரவில்லை. பூச்சு நன்றாகப் பிடித்தது, ஒழுகவில்லை.

தபாலில் போட முத்திரை இல்லை. லாச்சிக்குள்.

மே 6, சனி

காலை மூட்டம், பிறகு வெயில். ஷிப்ட் பத்திலிருந்து ஆறு.

மூன்று மணிக்கு கவுண்டரில் நிற்கக் கைத்தொலைபேசி. ஒரு ஆள் கஷன் உறையைக் கொடுத்துவிட்டு எதிரில் நிற்கிறான். அண்ணையின் இலக்கம். ஞாயிறு இல்லை. மன்னிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் சாமான் இறக்கும் இடத்துக்கு ஓடினேன். யாருக்கு என்னவோ.

காற்று இரைச்சல். அதற்குள் மோட்டார்ச் சத்தம், மெதுவாக. இந்தச் சத்தம் ஒரு ஞாயிறும் கேட்டதில்லை.

"தம்பி, ஏரியில நிக்கிறன். விடிய இறங்கினது. அஞ்சையும் மாத்தி மாத்திப் போட்டாச்சு. ஒண்டும் படேல்லை."

குரலில் வெட்கம். ஒன்றுகூட இல்லையா என்றேன். ஒன்றுகூட இல்லை என்றார். போன கிழமைகளைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தண்ணீர் எப்படி என்று கேட்டேன். தெளிந்துவிட்டதாம், அடிக்கல் தெரிகிறதாம்.

அந்தத் தண்ணீருக்கு அந்த ஐந்தும் சரிவராது. கத்தரிப்பூ வேண்டும் என்றேன்.

"அது என்னட்டை இல்லையே."

"ஓம். இஞ்சை கிடக்கு. கமலான்ர நகப்பூச்சில பூசினனான்."

மோட்டார்ச் சத்தம் மட்டும். நிறுத்திவிட்டார் போல, அதுவும் நின்றது. தண்ணீர் படகில் தட்டுவது கேட்டது.

"அப்ப கொண்டு வா" என்றார்.

"வாறன் அண்ணை."

பெயின்ட் வாளி அடுக்குக்குப் பின்னால் நின்று அழுதேன். ஆஸ்பத்திரியில் அழவில்லை, சுடலையில் அழவில்லை. ஒரு மீனும் படவில்லை என்று அழுதேன்.

முகம் கழுவிக்கொண்டு வந்தால் கஷன்காரன் அதே இடத்தில் நிற்கிறான். கலந்து கொடுத்தேன். முதல் தரம் நிறம் பிழைத்தது, பன்னிரண்டு வருடத்தில் நடக்காத ஒன்று. இரண்டாம் தரம் சரி.

திங்கள்: லீவு போர்ம் கேட்க.
பாஸ்போர்ட் எங்கே?
பொய்மீன் கைப்பையில் வேண்டாம், ஊசிக்கு விடமாட்டார்கள். பெரிய பெட்டிக்குள், அவளின் சால்வையில் சுற்றி வைக்க.