என் காக்காவுக்குத் தலைக்கனம் இல்லை

என் உயிரோடு ஒட்டியிருக்கிற காக்காவுக்கு, உங்கள் தங்கை ரஹ்மத்து எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். உங்களைப் பற்றி ஊரார் நாலு பேர் படிப்பார்கள் என்று தெரிந்தால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கொல்லைப்புறம் போய்விடுவீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் கீழக்கரையில் மூத்த சகோதரனைக் காக்கா என்றுதான் அழைப்போம்.

நீங்கள் மௌத்தான மூன்றாம் நாள் துக்கம் கேட்க வந்த ஒரு பெண்மணி சொன்னார்: "நல்ல மனுசன்தான். ஆனா யாரையும் மதிக்க மாட்டாரு. அம்புட்டுத் தலைக்கனம்." பதில் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? எட்டு வருஷம் அதையே நானும் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தானே.

சுதந்திரம் வந்த மறு வருஷம் என் நிக்காஹ். வாப்பா நம் சிறு வயதிலேயே போய்விட்டதால், சபையில் உட்கார்ந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, "என் தங்கையை உமக்கு நிக்காஹ் செய்து தந்தேன்" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வரி. மாப்பிள்ளை வந்து உட்கார்ந்துவிட்டார், நிக்காஹ் ஓதும் ஆலிம்சாவும் வந்துவிட்டார், உங்களைக் காணோம்.

ஒரு மணி நேரம் சபை காத்திருந்தது. "அண்ணனுக்குச் சம்மதமில்லையோ" என்று மாப்பிள்ளை வீட்டார் குசுகுசுத்தது உள்ளே இருந்த எனக்கே கேட்டது. கடைசியில் நீங்கள் வேலை பார்க்கும் சங்குக் கிட்டங்கியில், அடுக்கி வைத்த மூட்டைகளுக்குப் பின்னால் உங்களைக் கண்டுபிடித்தார்கள். "எனக்காக நீங்களே நடத்திருங்க" என்று ஆலிம்சாவுக்கு அங்கிருந்தே சொல்லி அனுப்பினீர்கள். நிக்காஹ் நடந்தது. ஆனால் என் மாமியார் சாகும்வரை அதைச் சொல்லிக் காட்டினார். "கூடப் பொறந்தவனே வந்து நிக்காத கல்யாணம்" என்று.

அதன் பிறகு நான் உங்களோடு பேசவில்லை. நாலு வீடு தள்ளித்தான் இருந்தோம். உம்மாவைப் பார்க்க வந்தால் நீங்கள் கிட்டங்கிக்குப் போன பிறகு வருவேன். பெருநாளைக்குக்கூட சலாம் சொல்லவில்லை. கிட்டங்கியில் தனியே உட்கார்ந்து சங்குகளைப் பருமன் பார்த்துப் பிரித்துப் போடுவதுதான் உங்கள் வேலை. கூலிக்காரர்களோடுகூட அதிகம் பேச மாட்டீர்கள் என்பார்கள். உங்களுக்குப் பெண் பேசப் போனபோதெல்லாம் முதல் நாளே உங்களுக்குக் காய்ச்சல் வந்து படுத்தீர்கள். அதையும் திமிர் என்றேன்.

பிறகு என் ஜோஹரா பள்ளிக்கூடம் போனாள்.

வீட்டில் அவள் வாய் ஓயாது. கொழும்பில் இருக்கிற அவள் வாப்பாவுக்கு நான் கடிதம் எழுதும்போது, இதை எழுது அதை எழுது என்று என்னை எழுதவே விட மாட்டாள். ஆனால் பள்ளியில் முதல் வகுப்பு முழுக்க ஒரு சொல் பேசவில்லை. பெயர் கேட்டால் தரையைப் பார்ப்பாள். தாகத்துக்குத் தண்ணீர் கேட்க மாட்டாள். வீட்டுக்கு யாராவது விருந்தாளி வந்தால் நெல் குதிருக்குப் பின்னால் போய் நிற்பாள். அடித்தேன் காக்கா. சூடு போடுவேன் என்று பயமுறுத்தினேன். ஓதிப் பார்த்தோம், தாயத்துக் கட்டினோம்.

இரண்டாம் வகுப்பில் ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஒரு பெண் டாக்டர் இருந்தார். நாக்கைப் பார்த்தார், காதைப் பார்த்தார். பிறகு ஜோஹராவை ஒன்றும் கேட்காமல், ஒரு காகிதமும் பென்சிலும் கொடுத்துத் தரையில் உட்கார வைத்துவிட்டு என்னோடு பேசினார்.

"நாக்குல கோளாறு இல்லம்மா. திமிரும் இல்ல. இது பயம். நாலு பேரு பாக்குறாங்கங்கிற பயம். நீங்க அடிச்சா அந்தப் பயம் இன்னும் பெருசாகும்."

"அப்ப மனுசர் கண்ணுல படாம வீட்டுலயே வச்சுக்கிடவா?"

"அதுவும் கூடாது. ஒளியவிட்டா பயம் வேர் பிடிச்சிரும். கொஞ்சங் கொஞ்சமா வெளிய பழக்கணும். முதல்ல லேசா இருக்குற எடம், அது பழகினப்புறம் அடுத்தது. இன்னொண்ணு, அவளை யாராச்சும் கேள்வி கேட்டா நீங்க முந்திக்கிட்டுப் பதில் சொல்லாதீங்க. அவ சொல்ற வரைக்கும் சும்மா இருங்க."

பிறகு கேட்டார்: "உங்க குடும்பத்துல வேற யாருக்காச்சும் இப்படி உண்டா?"

இல்லை என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். திருப்புல்லாணி தாண்டுவதற்குள் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்த நீங்கள் நினைவுக்கு வந்துவிட்டீர்கள். பெரியவர்களுக்கும் இப்படி இருக்குமா என்று அந்த டாக்டரைக் கேட்காமல் வந்துவிட்டேனே என்று தவித்தேன். ஆனால் கேட்க வேண்டிய ஆள் டாக்டர் இல்லை.

மறுநாள் மத்தியானம் உம்மா வீட்டில் நீங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது, சோற்றுச் சட்டியோடு நான் வந்தேன். எழுந்து போகப் பார்த்தீர்கள். "உக்காருங்க காக்கா" என்றேன். எட்டு வருஷத்துக்குப் பிறகு நான் சொன்ன முதல் வார்த்தை அது.

"அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தீர்கள். டாக்டர் சொன்னதை நினைத்து நானும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சோறு ஆறிப்போனது. அப்புறம்தான் வாய் திறந்தீர்கள்.

"பத்து நாளா அந்த ஒரு வரியச் சொல்லிச் சொல்லிப் பாத்தேன், ரகுமத்து. கிட்டங்கியில சங்குக்கு முன்னால சொல்லுவேன், சரியா வரும். அன்னைக்குப் பந்தல் வரைக்கும் வந்தேன். வாசல்ல செருப்பாக் கெடந்துச்சு. அம்புட்டுச் செருப்பு. அத்தனை பேரும் என் வாயையே பாப்பாகளேன்னு நெனச்சேன். நாக்கு மரமாப் போச்சு. கை ஆட ஆரம்பிச்சிருச்சு. கை ஆடுறதப் பாத்துருவாகளேன்னு நெனைக்க நெனைக்க இன்னும் ஆடுது."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்றதுக்கும் பேசணுமே."

நான் அழுதேன். நீங்கள் ஆறிய சோற்றைச் சாப்பிட்டு முடித்தீர்கள். மன்னிப்பு என்ற வார்த்தை அன்றைக்கும் என் வாயில் வரவில்லை. மீன் துண்டு இன்னொன்று வைத்தேன்.

ஜோஹராவைப் பற்றிச் சொன்னபோது தலையை நிமிர்த்தினீர்கள். "அவள எங்கூட அனுப்பு" என்றீர்கள். அப்படித்தான் நீங்கள் இருவரும் தினம் சாயங்காலம் மூலைக்கடைக்குப் போக ஆரம்பித்தீர்கள். உங்களுக்குள் ஓர் ஒப்பந்தம்: இருவரில் யாராவது ஒருவர் என்ன வேண்டும் என்று கடைக்காரரிடம் வாயால் சொல்ல வேண்டும். முதல் நாள் உப்பு வாங்கப் போய் மல்லியோடு வந்தீர்கள். இருவரும் பேசாமல் நின்றதால் கடைக்காரர் தாமாக எதையோ பொட்டலம் கட்டிவிட்டார். இரண்டாம் நாளும் மல்லி. மூன்றாம் நாளும் மல்லி.

"மாமா சொல்லுவாங்கன்னு நான் இருந்தேன். நான் சொல்லுவேன்னு மாமா இருந்தாங்க" என்றாள் ஜோஹரா. அன்றைக்கு உம்மா சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நாலாம் நாள் உப்பு வந்தது. யார் கேட்டது என்றேன். "மாமா வாயத் தொறந்தாங்க, கை ஆடுச்சு உம்மா. பாவமா இருந்துச்சு. நாஞ் சொல்லிட்டேன்." நீங்கள் வாசலுக்கு வெளியே நின்று கடல் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்கு அப்போது வெட்கமாக இருந்ததா, சந்தோஷமாக இருந்ததா? கடைசிவரை நான் கேட்கவில்லை.

எல்லாம் நேராகப் போய்விடவில்லை. பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்த அன்று, ஜோஹராவை எழுப்பி நிறுத்திப் பாட்டுச் சொல்லச் சொன்னார்கள். அவள் வகுப்பிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். ஒரு வாரம் கிடையில் கிடந்தாள். கடையில் பேசிய வாயும் மூடிக்கொண்டது. அதற்குள் தலைமை ஆசிரியர் ஒரு சீட்டு அனுப்பினார்: இந்தப் பிள்ளை ஊமை, இதைச் சாதாரணப் பள்ளியில் வைத்துக்கொள்ள முடியாது, வெளியூரில் ஊமைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளிக்கு அனுப்புங்கள் என்று. அவள் வாப்பா கொழும்பில். நான் போய் ஓர் ஆண் வாத்தியாரிடம் வாதாடுகிற காலமா அது?

"நான் போறேன்" என்றீர்கள். நான் உங்களை நம்பவில்லை காக்கா. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அன்று காலை இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டுத்தான் புறப்பட்டீர்கள். ஜோஹராவின் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் முன்னே போக, துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நான் பின்னால் வந்தேன். பாதி வழியில் திரும்பிவிடுவீர்கள் என்று ஒவ்வோர் அடிக்கும் எதிர்பார்த்தேன். நான் அறைக்கு வெளியே ஜன்னலோரம் நின்றுகொண்டேன். உங்களுக்கு நாற்காலி போட்டுத் தேநீர் கொடுத்தார்கள். கிளாசை எடுத்தீர்கள், பாதித் தேநீர் சட்டையில் சிந்தியது. தலைமை ஆசிரியர் அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை நீங்களும் பார்த்தீர்கள்.

"வீட்டுல பேசுறான்னு எல்லாரும் சொல்றதுதான்யா. இங்கன ஒரு வார்த்தை பேசுறாளா?" என்றார்.

நீங்கள் பேசவில்லை. வெளியே ஒரு வகுப்பு முழுக்க வாய்ப்பாடு சொல்லி முடித்துவிட்டது. ஓடிப்போகப் போகிறீர்கள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சார்" என்று கேட்டது. உங்கள் குரல்தான், கம்மிப்போன குரல். "என் கையப் பாருங்க. எனக்கு நாப்பது வயசாகுது. உங்க முன்னால உக்காந்திருக்கேன், உயிரு போற மாதிரி இருக்கு. நான் ஊமை இல்ல. என்னையும் சின்னதுல யாரும் ஒண்ணும் கேக்காம விட்டுட்டாக. இந்தப் பிள்ளைய அப்படி விட்டுறாதீக. அடிக்க வேணாம், எல்லார் முன்னாலயும் எழுப்ப வேணாம். பரீச்சை வரைக்கும் தவணை குடுங்க. அப்பவும் பேசலைன்னா நானே கூட்டிட்டுப் போயிருதேன்."

இத்தனை வார்த்தைகளை நீங்கள் சேர்த்துப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. தலைமை ஆசிரியர் கிளாசை உங்கள் பக்கம் நகர்த்தி, "நீங்க தேத்தண்ணியக் குடிங்க, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்" என்றார். நிஜமாகவே திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு டீச்சர், பள்ளி விட்டதும் காலி வகுப்பில் ஜோஹராவையும் அவள் தோழி ஒருத்தியையும் வைத்துக்கொண்டு படிக்க வைத்தார். முதலில் தோழியின் காதில் சொன்னாள். அப்புறம் கரும்பலகையைப் பார்த்தபடி, வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசித்தாள். பரீச்சைக்கு முந்தின வாரம் பக்கவாட்டில் திரும்பினாள். பரீச்சைக்குப் பிறகு அவளை வெளியூர்ப் பள்ளிக்கு அனுப்பும் பேச்சே எழவில்லை. அன்றெல்லாம் வெளியே பூவரச மரத்தடியில் நீங்கள் நின்றிருந்தீர்கள். பிள்ளையைக் கூட்டிப் போக வந்த தாய்மார்கள் முன்னால், அத்தனை நாளும்.

உங்களுக்கு முழுக்கச் சரியாகிவிட்டது என்று பொய் எழுத மாட்டேன். கடைசிவரை கல்யாண வீட்டுக்குப் போனால் கால்மணி நேரம்தான். ஆனால் போனீர்கள். ஓரமாக உட்கார்ந்து, சலாம் சொல்லி, எழுந்து வந்தீர்கள். அந்தக் கால்மணி நேரத்துக்கு நீங்கள் பட்ட பாட்டை அறியாதவர்கள்தான் அதைத் தலைக்கனம் என்றார்கள்.

இனி இங்குள்ள சேதி. உங்கள் மருமகள் ஜோஹரா எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டாள். டீச்சர் டிரெயினிங் படிக்க வேண்டுமாம். அவள் வாப்பா முதலில் முரண்டு பிடித்தார், பிறகு சரியென்று எழுதிவிட்டார். போன வாரம் ராமநாதபுரம் போய் மனு கொடுத்தோம். நீண்ட வரிசை. மேசைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா நிமிர்ந்து பார்க்காமல், "பேரு என்னம்மா?" என்றார்.

ஜோஹரா பேசவில்லை. "பேரைச் சொல்லும்மா, பின்னால ஆளு நிக்கிது" என்றார் மறுபடி. அவள் பெயர் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது காக்கா. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன். பெற்றவளுக்கு அதைவிடக் கடினமான வேலை இல்லை.

"ஜோஹரா" என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை, சற்று உரக்கச் சொன்னாள். பிறகு வாப்பா பெயர், ஊர், வயது என்று அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் அவளே பதில் சொன்னாள். வெளியே வந்ததும் படியில் உட்கார்ந்து, "கை இன்னும் ஆடுது உம்மா" என்று நீட்டிக் காட்டினாள். ஆடத்தான் செய்தது. நாங்கள் அது அடங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு பஸ் ஏறினோம்.

எட்டு வருஷத்துக்கு என்னை மன்னித்துவிடுங்கள். உயிரோடு இருந்தபோது கேட்டிருக்க வேண்டும். கேட்க எனக்கும் நாக்கு எழவில்லை.

ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்காகத் தருகிறேன். இனி எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், வாசலுக்கு வெளியே உள்ளே வர முடியாமல் யாராவது நின்றால், "வாங்க, ஏன் இங்கன நிக்கிறீக" என்று கையைப் பிடித்து இழுக்க மாட்டேன். திமிர் என்றும் சொல்ல மாட்டேன். நான் வெளியே போய், அவர்களுக்குப் பக்கத்தில் பேசாமல் நின்றுகொள்வேன்.

உங்களோடு கூடப் பிறந்தவள்,
தங்கை ரஹ்மத்து