குதிரைவீரன் காசு

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

அப்பாவின் ஒல்லாந்தர் காலத்து வெள்ளிக்காசைப் போலி என்று சொல்லி உங்களிடம் இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கிப்போன கிளிநொச்சி வியாபாரி வீரபாகு, நான் வேலைசெய்யும் லண்டன் நாணயக் கடைக்கு அதன் படத்தை அனுப்பி விலை கேட்டார். நான் உங்கள் மகனென்று அவருக்குத் தெரியாது. காசிலுள்ள குதிரைவீரனின் தலையில் அந்தப் பழைய வெட்டைக் கண்டதும், அது அப்பாவின் காசேதான் என்று தெரிந்து எனக்கு உடம்பு கொதித்தது. அது ஒரு லட்சத்துக்கு மேல் பெறும்.

அவருக்குப் போன் எடுத்து, “ஐயா, இது போலி” என்றேன்.

“வடிவாப் பாத்தனீங்களோ தம்பி? இப்ப நான் என்ன செய்யிறது?”

“வாங்கின ஆக்களிட்டையே திருப்பிக் குடுங்கோ.”

அவர் விட்ட பெருமூச்சு எனக்குப் போதவில்லை, அம்மா.

அவர் காசைத் திருப்பித்தர வந்தால் அதே இரண்டாயிரத்தைக் கொடுங்கள். மோர்மிளகாய் அனுப்புங்கள், தனியே சோறு இறங்குவதில்லை. கடை திறக்க நேரமாகிறது. வெள்ளிக்காசு உங்கள் கைக்கு வந்து, அவர் வாசல் படலையைத் தாண்டி வெளியே போகும்போது, மகனுக்கு எந்தக் கடையில் வேலை என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள்
ரஜிதன்